மடலின் தலைப்பை எழுதும் உரிமை
(ஆரையம்பதியில் எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மிஷன் பாடசாலையில் நாம் கடிதம் எழுதப் பழகிய காலத்தில், ஆசிரியர் முதலில் மேல்மூலையைத்தான் பார்ப்பார். விலாசமும் திகதியும் பிழைத்தால், உள்ளே எவ்வளவு நயமாக எழுதினாலும் புள்ளி குறையும். மின்னஞ்சலுக்கும் அத்தகைய தலைப்பகுதி உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், பதில் முகவரி முதலியன அதில் அடங்கும். அவற்றைப் பாவனையாளர் தாமே திருத்த மென்பொருள் இடங்கொடுக்கலாமா என்பதே இன்று நாம் ஆராயும் விஷயம்.

கூடாது என்போரின் அச்சம் வீணானதன்று. 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிகளில், அனுப்புநர் பெயர் மெய்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு இல்லை. உறைக்குள் இருக்கும் கடிதத்தில் யாருடைய பெயரையும் எழுதலாம். தபாற்காரர் பிரித்துப் பார்ப்பதில்லை. கடல் கடந்த வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருக்கும் இளைஞனுக்குக் கம்பனியின் பெயரில் ஒரு மடல் வருகிறது. பணம் கட்டு என்கிறது. தாயாரின் காப்பு அடைவுக்கடைக்குப் போகிறது.

ஆயினும், தடை போட்டால் கள்ளன் அடங்குவானா? அவன் தனக்கென ஒரு நிரலை எழுதிக்கொள்வான். நட்டப்படுவது நேர்மையானவனே. சங்கக் காரியதரிசி காலையில் சங்கத்தின் பெயராலும் மாலையில் தம் பெயராலும் எழுதுகிறார். பதில்கள் பொருளாளருக்குப் போகவேண்டுமாயின் பதில் முகவரியை மாற்றத்தானே வேண்டும்? மட் என்னும் மென்பொருள் தலைப்பு வரிகளைக் கடிதத்தோடு சேர்த்தே திருத்த விடுகிறது. ஜீமெயிலோ, வேறொரு முகவரியைச் சேர்க்குமுன் அந்த முகவரிக்கே மடல் அனுப்பி, அது நம்முடையதுதானா என்று உறுதிசெய்கிறது. இது நல்ல நடுவழி.

ஒன்றை மறக்கலாகாது. தலைப்பை எழுதும் உரிமை எம் மொழிக்கே நெடுங்காலம் முழுமையாக இருக்கவில்லை. ‘.இலங்கை’ என்னும் தளப்பெயர் 2010இல் கிடைத்தது. தலைப்பில் தமிழெழுத்தை நேராகவே எழுத 2012இல்தான் விதி வந்தது. அரிதிற் பெற்றதை அச்சத்தால் இழக்கலாமா?

காவல், எழுதுமிடத்தில் அன்று, பெறுமிடத்தில் வேண்டும். தபாற் கந்தோர் முத்திரை குத்துவதுபோல், மடலைக் கையேற்கும் ஒவ்வொரு வழங்கியும் தன் குறிப்பை மேலே பதிக்கிறது. அனுப்பியவன் கீழே பொய்முத்திரை இடலாம். நம் வழங்கி மேலே இட்டதை அவன் தொடமுடியாது. டீகிம் என்னும் முறை அனுப்பும் தளத்தின் ஒப்பத்தைத் தாங்கி வருகிறது. அவ்வொப்பம் அனுப்புநர் முகவரியோடு பொருந்துகிறதா என்பதைச் சோதிக்க, டீமார்க் வழிசெய்தது. பெருந்தொகையாக மடல் அனுப்புவோர் இதனைக் கைக்கொள்ள வேண்டுமென்று 2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் விதித்துள்ளன.

இவையும் முழுக் காவலாகா. ஓரெழுத்து மாறிய தளப்பெயரை வாங்கியவனுக்கும் ஒப்பம் செல்லும். ஆகையால், பணம் கேட்கும் மடல் வந்தால் எம் இளைஞர் முதலில் தலைப்பை விரித்து வாசிக்கட்டும். பின்னர் கம்பனியை வேறு வழியாக விசாரிக்கட்டும். எழுதும் உரிமையைப் பூட்டுவதிலும், வாசிக்கும் பழக்கத்தை வளர்ப்பதே மேல். வரும் ஆண்டில் எமது சங்கம் அதற்கென ஒரு மாலை வகுப்பை நடத்துமாயின், ஒரு தாயின் காப்பாவது தப்பும்.