பாதியில் நிறுத்தாதீர்கள்!

(காசநோய் தினத்தையொட்டி நடந்த வாயிற் கூட்டத்தில் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் பேசியது)



மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். அறுந்த நூலை ஒட்டத் தெரியும்; பேச்சைக் கோக்கத் தெரியாது. ஆனாலும் சாவின் வாசல் வரை போய்த் திரும்பி வந்தவன் என்ற முறையில், உங்களிடம் சில விஷயங்களைச் சொல்லியே ஆகவேண்டும்.

2025 பொங்கல் சமயம் எனக்கு இருமல் கண்டது. பஞ்சுத் தூசியில் நிற்கிறவனுக்கு இருமல் ஒரு பெரிய விஷயமா? "மில்லுக்குப் போகிறவன் எல்லோருக்கும் இருக்கிறதுதானே" என்று கஷாயம் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன். மாலையானால் காய்ச்சல், ராத்திரியில் வேர்வை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஒருநாள் ரத்தம் துப்பினேன். அப்போதும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. என் சம்சாரம்தான், களையெடுக்கப் போகிற கூலியை ஒருநாள் விட்டுவிட்டு, கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதித்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். காசநோய் என்றார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காரணம் உண்டு.

என் அண்ணன் விவசாயக் கூலி. அவருக்கும் இதே நோய்தான் வந்தது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். இருமல் நின்றது, உடம்பு தேறியது. அறுவடை வந்தது. "குணமாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை? ஆஸ்பத்திரிக்கு அலைந்தால் கூலி போகுமே" என்று நிறுத்திவிட்டார். நோய் திரும்பி வந்தது. இரண்டாம் முறை அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் அறியாமையால் மட்டும் சாகவில்லை, தோழர்களே! ஒருநாள் கூலியை விட்டால் அடுப்பெரியாது என்ற நிலைமையும் சேர்ந்துதான் அவரைக் கொன்றது.

எனக்கு நோய் முற்றியிருந்ததால் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அங்கே நர்ஸம்மா ஒருவர் சொன்னதை மறக்கமாட்டேன். "இருமல் நிற்பது வேறு, நோய் ஒழிவது வேறு. பாதியில் விட்டால் மிச்சமிருக்கிற கிருமி மருந்துக்கே மசியாமல் போய்விடும்" என்றார். முதல் இரண்டு மாதம் நாலு வகை மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று வகை. ஆறு மாதம், ஒருநாள் தவறக்கூடாது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளித்தால், வாந்தி ஓயாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் வரவேண்டும் என்றார். இவ்வளவு மருந்துக்கும் ஒரு பைசா வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். என் தாயார் எனக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்தார். அதைப் பார்த்து நோயைவிட அதிகமாக நொந்துபோனேன். விசாரிக்க வந்த ஆஸ்பத்திரி ஊழியர்தான் விளக்கினார்: இது தட்டிலே தொற்றுகிற நோயல்ல, இருமும்போது காற்றிலே பரவுகிற நோய். வாயை மூடிக்கொண்டு இருமவேண்டும், ஜன்னலைத் திறந்து வைக்கவேண்டும். சரியான மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் பரவும் தன்மை சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் அத்தனை பேரையும் பரிசோதித்தார்கள். யாருக்கும் நோயில்லை. வராமல் தடுக்கவும் மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் அம்மா அந்தத் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிட்டார்.

ஓட்டுவீட்டில், குடிசையில் இருந்துகொண்டு இந்த நோய் குணமாகுமா என்று கேட்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம் சென்னைப் பட்டணம்தான்! 1956-ல் சென்னையில் ஒரு காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஏழை ஜனங்கள். ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே சிகிச்சை. இரு தரப்புக்கும் அதே மருந்து, ஓராண்டுக் காலம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல ஆகாரம், ஓய்வு, காற்று. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெருக்கடியும் குறைந்த சாப்பாடும்தான். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தார்கள்! அவர்களோடு கூட வசித்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் தெரிந்தது. பணக்காரன் மலைக்குப் போய்ப் படுத்துக் குணமாகிற நோய் என்ற எண்ணம் அன்றோடு தகர்ந்தது.

அப்படியானால் சோறு முக்கியமில்லையா? முக்கியம்தான். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் வெளியான முடிவின்படி, அக்குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. வந்த நோயை ஒழிப்பது மருந்து. வராமல் காப்பதில் வயிறார உண்கிற சோற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. நோயாளிக்குச் சத்துணவுக்காகச் சர்க்கார் தருகிற மாதத் தொகை 500 ரூபாயாக இருந்தது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆயிற்று. கேட்டு வாங்குங்கள், அது பிச்சையல்ல.

இன்னொன்று. எனக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது. 91 நாள் வரை 70 சதவிகிதச் சம்பளம். இரண்டாண்டு சர்வீசும் சந்தாவும் சரியாக இருந்தால், காசநோய்க்கு அதற்கு மேலும் 80 சதவிகிதம், இரண்டு வருஷம் வரை கிடைக்கும். இந்த உரிமை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லையென்றால் ஏன் இல்லை என்று இன்றே கேளுங்கள். படுத்தபிறகு கேட்டுப் பயனில்லை. பணம் வந்து சேரும்வரை என் வீட்டு அடுப்பு எரிந்தது நீங்கள் ஷிப்டு ஷிப்டாகப் போட்டுக் கொடுத்த பத்தும் இருபதும்தான். அதை என் பிள்ளைகளும் மறக்கமாட்டார்கள்.

ஆனால் என் அண்ணனுக்கு என்ன இருந்தது? வயலில் வேலை செய்கிறவனுக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. படுத்தால் கூலி இல்லை. மாத்திரை இலவசம், அதைச் சாப்பிட்டுக்கொண்டு ஓய்வாக இருக்க அவனுக்கு வழி எது? இதைக் கேட்காமல் காசநோயை ஒழிப்பதாகச் சொல்வதில் அர்த்தமில்லை.

நானும் மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்தப் பார்த்தவன்தான். தின்றால் குமட்டல், உடம்போ தேறிவிட்டது. என் சம்சாரம் எதிரில் வந்து உட்கார்ந்து, "உங்கள் அண்ணியைப் பாருங்கள்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மாத்திரையை வாங்கி விழுங்கினேன். ஆறு மாதம் முடிந்து சளியைப் பரிசோதித்தபோது கிருமி இல்லை. இப்போது மறுபடியும் உங்களோடு ரிங் பிரேமில் நிற்கிறேன்.

தோழர்களே! இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் பஞ்சுத் தூசி என்று தள்ளிவிடாதீர்கள், சளியைப் பரிசோதியுங்கள். பக்கத்தில் இருமுகிறவரைக் கண்டு ஒதுங்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டுக்கு மாதம் ஒருமுறையாவது போய், "இன்றைக்குச் சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அண்ணனிடம் அப்படிக் கேட்க நான் போகவில்லை. அந்தக் குறை எனக்குச் சாகும்வரை உண்டு. உங்களுக்கு அது வேண்டாம்.