வேலையும் வீடும்



பிழைப்புத் தேடி வேற்று மாநிலத்திற்குச் செல்கிறவர் முதலில் கேட்பது, கூலி எவ்வளவு என்பது. அடுத்துக் கேட்பது, தங்க இடம் உண்டா என்பது. இரண்டுக்கும் ஒருவரே விடை சொல்லிவிட்டால் மனத்தில் பெரிய பாரம் இறங்கினாற்போல இருக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸ், ஆலைக் குடியிருப்பு, சுரங்கத்துக் காலனி, பெரிய கட்டடங்களின் காவற்காரருக்கு மாடிப்படியின் கீழே ஒதுக்கப்படும் சிறு அறை ஆகியவை யாவும் வேலையோடு வந்த வீடுகள். வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும் என்பதை நம்மில் பலர் ஓய்வு பெறும் நாளில்தான் உணர்கிறோம். அதைச் சற்று முன்னதாகவே உணர வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இதற்கு உதாரணமாக மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். வேலையும் வீடும் அங்கே பிணைந்திருப்பதைப் போல வேறு தொழில்களில் காண்பது அரிது.

கண்ணன் தேவன் மலைகளில் 1880ஆம் ஆண்டு வாக்கில் தேயிலை பயிரிடத் தொடங்கினர். காட்டை வெட்டவும் கன்று நடவும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆட்கள் வந்தனர். கங்காணிமார் ஊரில் முன்பணம் கொடுத்து அவர்களைத் திரட்டி, போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலைப்பாதை வழியாக நடத்தி அழைத்துச் சென்றனர். மேலே சென்றவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. வரிசையாகக் கட்டிய அந்த அறைகளிலேயே தலைமுறைகள் பிறந்தன; வளர்ந்தன. 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் வட்டாரம் கேரளத்தில் அடங்கியது. வீட்டில் தமிழ் பேசி, அலுவலகத்தில் மலையாளத்தில் மனு எழுதும் வாழ்க்கை அவர்களுடையதாயிற்று.

தோட்டத்து வேலை பார்ப்பதற்கு அழகானது, செய்வதற்குக் கடினமானது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கவ்வாத்து வெட்டுவதும் மருந்தடிப்பதும் பெரும்பாலும் ஆண்களின் வேலை. மழையும் அட்டையும் சரிவும் இருவருக்கும் பொது. பறித்த கொழுந்தின் எடையும் வந்த நாளின் கணக்கும் செக்ரோலில் ஏறுகின்றன. கூலி, போனஸ், வைப்புநிதி, பணிக்கொடை அனைத்திற்கும் அந்தப் பதிவே அடிப்படை.

இத்தொழிலாளருக்கென்று 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம், வீடு ஆகியவற்றை அது நிர்வாகத்தின் கடமையாக்கியது. தொடக்கத்தில் வாரத்திற்கு 54 மணி என்றிருந்த வேலை நேர வரம்பு, 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 மணியாகக் குறைந்தது. அதே திருத்தம் மற்றொரு விதியையும் சேர்த்தது. நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தாலும் காயமடைந்தாலும் நஷ்டஈடு தரவேண்டும் என்பது அது. குடியிருப்பவருடைய தவறே முழுக் காரணமானாலும், இயற்கைச் சீற்றத்தால் இடிந்தாலும் அவ்விதி பொருந்தாது.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மீது விழுந்தது. எழுபது பேர் மாண்டனர். மாண்டவர்களில் பலருடைய பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. வேலை எங்கே கிடைத்ததோ அங்கே வீடு. வீடு எங்கே இருந்ததோ அங்கே முடிவு. வீடு என்பது வெறும் சலுகை அன்று, உயிர்ப் பிரச்சினை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனி உரிமை எவ்வாறு கைக்கு வருகிறது என்பதைப் பார்ப்போம். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில், முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் ஒன்பது நாள் நடந்தது. முடிவில் போனஸாக 8.33, கருணைத் தொகையாக 11.67, ஆக 20 விழுக்காடு கிடைத்தது. பின்னர் நடந்த பேச்சில் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாயிற்று. சென்ற ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று கணக்கை அறிந்திருந்ததனால் அன்றோ அவர்களால் கேட்க முடிந்தது!

நம்மில் பலர் கணக்குப் பார்க்காமல் விடும் தொகை ஒன்று உண்டு. அது பணிக்கொடை. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது இது. பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் கூலி என்பது இதன் கணக்கு. நாட்கூலி 400 ரூபாய் என்று கொள்வோம். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 450 நாள் கூலி; அதாவது ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். பொதுவாக இதைப் பெற ஐந்தாண்டுப் பணி வேண்டும். பணியிலிருக்கும்போது இறந்தவரின் குடும்பத்திற்கு அந்த நிபந்தனை இல்லை. தொகை உரியதாகும் நாளிலிருந்து முப்பது நாளுக்குள் நிர்வாகம் அதைக் கொடுத்தல் வேண்டும்.

லயத்து அறையைக் காலி செய்து வெளியே வரும் குடும்பத்திற்கு இந்தத் தொகையும் வைப்புநிதியுமே புதுவீட்டின் அஸ்திவாரம். ஆனால் நடப்பது என்ன? மகளின் கல்யாணத்திற்கென்று முன்னதாகவே கடன் வாங்கி, பணிக்கொடை வந்த அன்றே அதைக் கடன்காரரிடம் கொடுத்துவிட்டு, ஊரிலும் வீடில்லாமல் மலையிலும் வீடில்லாமல் நிற்கும் முதியோர் உண்டு. சொந்த ஊரில் இரண்டு சென்ட் நிலமாவது வாங்குவதை நாற்பது வயதிலேயே நினைத்தல் நன்று.

தேயிலை மலைக்கு வெளியே உள்ளோருக்கும் இது பொருந்தும். கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வேலை ஒரு நாளில் முடிந்தது. குடியிருந்த வீடுகள் யாருக்கு என்ற வழக்கோ நெடுங்காலம் நீடித்தது.

சட்டங்களின் பெயர்கள் இப்போது மாறியிருக்கின்றன. 29 மத்தியச் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. மேலே சொன்ன தோட்டத் தொழிலாளர் சட்டமும் பணிக்கொடைச் சட்டமும் அவற்றுள் அடங்கிவிட்டன. பணி நியமனக் கடிதம் தருவது நிர்வாகத்தின் கடமை என்று இப்போது எழுதப்பட்டுள்ளது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கிடைக்கவேண்டும். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் கூலிப் பாக்கியைத் தீர்க்கவேண்டும்.

ஆகவே, வேற்றூரில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் சில கடமைகளைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும். நியமனக் கடிதத்தையும் மாதச் சீட்டுகளையும் ஒரு தகரப் பெட்டியிலாவது பத்திரப்படுத்துங்கள். பதிவேட்டில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பணியில் சேர்ந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓரெழுத்துப் பிழை ஓராண்டு அலைச்சலாகும். ஓராண்டுப் பணி முடிந்ததும் பணிக்கொடைக்கு வாரிசு நியமனம் எழுதிக் கொடுங்கள். சுவரில் விரிசல் கண்டாலும், வீட்டின் பின்னே மண் நழுவினாலும், இயந்திரத்தின் காப்பு கழன்றிருந்தாலும் அன்றே எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் கையொப்பம் பெறுங்கள். அபாயத்தைத் தெரிவிப்பது குறை சொல்வதாகாது. அது தொழிலாளியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை அணிவதும், ஒப்புக்கொண்ட வேலையைச் செம்மையாகச் செய்வதும் அதே கடமையைச் சேர்ந்தவை. கடமையைச் செய்தவரின் குரலுக்கு உரிமை கேட்கும்போது தனி வலிமை உண்டு.

மொழி தெரியவில்லையே என்று தயங்கவேண்டாம். தொழிலாளர் துறை அலுவலகம் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. அவ்வூர் மொழி எழுதப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகளே நமக்கு நல்ல எழுத்தர்கள். இன்று மாலை, வீட்டிலுள்ள காகிதங்களை அவர்கள் முன்னே பரப்பி, எது இருக்கிறது, எது இல்லை என்று கேட்டுப் பாருங்கள். இல்லாததை நாளைக் காலையில் கேட்டு வாங்கலாம்.