காற்றோடு தொழில் செய்தவர்



உங்கள் பட்டமளிப்பு விழாவுக்காகக் காலையில் கொல்லங்கோட்டில் இறங்கி நெல்லியாம்பதி மலையை அண்ணாந்து பார்த்தேன். அந்த ஒரு நொடியில் கையிலிருந்த உரைத்தாளைக் காற்று கொண்டுபோய்விட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அல்லவா! துரத்திப் பிடிக்கவில்லை. அதிலிருந்த உபதேசமெல்லாம் வயலுக்கு உரமாகட்டும். காற்றையே கைப்பொருளாக வைத்துத் தொழில் செய்த ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன்.

ஹாரி பெர்டோயா. 1915இல் இத்தாலியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பதினைந்து வயதில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக்கு அண்ணனைப் பார்க்கப் போய், அங்கேயே தங்கிவிட்டார். பள்ளியில் நகை செய்யப் பழகினார். 1937இல் கிரான்புரூக் கலைக்கழகத்தில் உதவித்தொகையில் சேர்ந்தார். இரண்டே வருடத்தில், அதை நடத்திய கட்டடக்கலைஞர் எலியல் சாரினன் உலோகப் பட்டறையை இவரிடம் ஒப்படைத்தார். 24 வயது வாத்தியார்!

அப்போது போர் வந்தது, உலோகம் தட்டுப்பாடு. பெரிய பாத்திரங்களுக்கு வழியில்லாமல் கையகல நகைகளில் கவனம் செலுத்தினார். கம்பியைத் தட்டி நீட்டி, வளைத்து, நடுவே வெற்றிடம் விட்டு உடைஊசிகள் செய்தார். 1941இல் வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்ஸ் கல்யாணத்தில் மணப்பெண் ரே அணிந்த மோதிரமும் இவர் செய்ததே. அந்தத் தம்பதிதான் 1958இல் இந்திய அரசுக்கு அறிக்கை எழுதி, நம் வீட்டுச் சொம்பை நல்ல வடிவமைப்புக்கு உலகத்துக்கே உதாரணம் காட்டியவர்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது அதன் பிறகு.

நம்மூர்த் தட்டார் பட்டறையைப் பாருங்கள். தரையைக் கூட்டிய மண்ணையும் விலைக்கு வாங்க ஆள் வரும். என் முதல் கட்டடத்தில் நான் தப்பாகக் கணக்குப் போட்டு ஊற்றிய கான்கிரீட்டை அள்ள இரண்டு லாரி வந்தது. அதை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. பெர்டோயாவிடம் எனக்குப் பொறாமை இந்த இடத்தில்தான். பொருள் குறைந்தால் எங்கே வெற்றிடம் விடவேண்டும் என்பதை அவர் கை முதலிலேயே கற்றுக்கொண்டது.

1952இல் நோல் என்ற அறைகலன் நிறுவனத்துக்காக அவர் செய்த கம்பிவலை நாற்காலியை நீங்கள் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதி காற்றுதான் என்று அவரே சொல்வார். 1955இல் எம்ஐடி வளாகத்தில் ஈரோ சாரினன், எலியலின் மகன், ஜன்னலில்லாத ஒரு செங்கல் வழிபாட்டுக்கூடம் கட்டினார். அங்கே பீடத்துக்குப் பின்னால் கூரைத் திறப்பிலிருந்து இறங்கும் மெல்லிய கம்பிகளில் சின்னச் சின்ன உலோகத் தகடுகளைத் தொங்கவிட்டவர் பெர்டோயா. மேலிருந்து விழும் வெயில் ஒவ்வொன்றிலும் பட்டுச் சிதறும். கட்டடம் முழுவதற்கும் போட்ட ஒரு நகை என்றே எனக்குத் தோன்றும்.

நாற்காலி தந்த வருமானத்தில் பென்சில்வேனியாவில் சிற்பியாகவே வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் அவர் செய்தவை வரிசையாக நட்ட உலோகக் கம்பிகள். கை பட்டாலோ காற்று அடித்தாலோ ஒன்றோடொன்று மோதி மணிபோல் ஒலிக்கும். சிகாகோவில் அப்படி ஒன்றைத் திறந்தவெளியிலேயே நிறுத்தினார். சிற்பங்களில் தன் கையெழுத்தைப் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. 1978இல் காலமானார்.

நேரமாகிவிட்டது. வெளியே போகும்போது சான்றிதழை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்; காற்று இன்னும் அடங்கவில்லை.