ஜிலேபி மாருதியின் விலாசம்

புணேயின் பழைய பேட்டைகளில் சாமிகளுக்குக்கூடப் பட்டப்பெயர் உண்டு. ஜில்ப்யா மாருதி என்றால் ஜிலேபி அனுமார். உபாஷி விட்டோபா என்றால் பட்டினி கிடக்கும் விட்டலர். கூன்யா முரளிதர் என்றால், குழல் ஊதும் கண்ணனுக்குக் 'கொலைகார' என்று ஓர் அடைமொழி! இந்தப் பெயர்களை எந்த அரசாணையும் வைக்கவில்லை. கடைக்காரரும் பூக்காரியும் வண்டிக்காரரும் சொல்லிச் சொல்லி நிலைத்த பெயர்கள் இவை. ஆனால் இதே பெயர் ஒரு கம்பெனியின் வரைபடத்தில் ஏறியதும் நிலைமை மாறிவிடுகிறது. பெயர் ஊருடையதாகவே இருக்கிறது; அந்தப் பெயர்களைத் தொகுத்து வைத்த வரைபடம் கம்பெனியின் சொத்தாகிறது. நான் இன்று வாதிட வந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. வரைபடம் காசில்லாமல் கிடைத்தால் போதாது. நகலெடுக்கவும் திருத்தவும் அதன்மேல் வேறொன்றைக் கட்டவும் உரிமை வேண்டும். அந்த உரிமை நமக்கு வேண்டுமானால், அடுத்தவரின் பதிப்புரிமையை மற்றவர்களைவிட நாம் கறாராக மதிக்க வேண்டும்.

"கையில் இருக்கும் போனிலேயே இலவச மேப் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொன்று?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மேப்பைப் பார்க்கலாம், அது காட்டும் வழியில் போகலாம். அதன் அடியில் கிடக்கும் தரவை எடுத்து நம் வார்டுக்கென்று ஒரு வெள்ள வரைபடம் செய்ய முடியாது. தன் இணையதளத்தில் அதைப் பதித்துக்கொள்ளும் சிறு நிறுவனம்கூட வாடகைக்குக் குடியிருக்கிற கதைதான். 2018 ஜூலையில் கூகுள் தன் வரைபடச் சேவையின் கட்டணத்தை மாற்றியது. மாதம் 200 டாலர் சலுகை தீர்ந்த பிறகு, ஆயிரம் முறை வரைபடம் திறந்தால் 7 டாலர் என்றது. இந்தியாவில் போட்டி வந்ததும் 2024 ஆகஸ்டில் 70 சதவீதம் வரை குறைத்தது. ஏற்றுவதும் இறக்குவதும் வீட்டுக்காரர் இஷ்டம்.

இதைவிட முக்கியமான பாடம் மேப் மேக்கர். கூகுளின் இந்தியப் பொறியாளர்கள் உருவாக்கிய திட்டம் அது, 2008இல் தொடங்கியது. நம் ஊர்த் தெருக்களையும் சந்துகளையும் கோயில்களையும் பேருந்து நிறுத்தங்களையும் ஏராளமான தன்னார்வலர்கள் அதில் வரைந்து கொடுத்தார்கள். 2017 மார்ச்சோடு திட்டம் மூடப்பட்டது. வரைந்த தெருக்கள் கம்பெனியின் மேப்பில் இருக்கின்றன. வரைந்தவர்களோ தம் உழைப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டு போய், தம் விருப்பப்படி இன்னொரு வரைபடம் செய்ய வழியில்லை. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. நிபந்தனையில் எழுதியபடிதான் நடந்தது. நிபந்தனையை நாம் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

மாற்று வழி 2004இல் இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே அரசின் நில அளவைத் துறையே வரைபடத் தரவுக்குக் கடுமையான கட்டணமும் கட்டுப்பாடும் வைத்திருந்தது. அந்த எரிச்சலில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியதுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், மொத்தத் தரவையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், விற்பனைக்கும் பயன்படுத்தலாம். கேட்பது இரண்டே. பங்களித்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தத் தரவை மேம்படுத்திப் பொதுவில் வெளியிட்டால், மேம்படுத்தியதையும் அதே உரிமத்தில் திறந்துவைக்க வேண்டும்.

இங்கே ஒரு புத்திசாலித்தனமான ஆட்சேபம் வரும். "திலக் சாலை இருக்கும் இடம் ஓர் உண்மை. உண்மைக்கு ஏது பதிப்புரிமை? கூகுளைப் பார்த்து அப்படியே வரைந்தால் என்ன குற்றம்?" பாதி சரி. தனித்தனி உண்மைக்குப் பதிப்புரிமை இல்லைதான். ஆனால் நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வரைபடத்தைக் கலைப் படைப்பு என்ற வகையில் பெயர் சொல்லியே சேர்க்கிறது. கணினித் தரவுத் தொகுப்பையும் விட்டுவைக்கவில்லை. வெறும் உழைப்பு போதாது, திறமையும் தேர்வும் இருந்தால்தான் தொகுப்புக்கு உரிமை என்று 2007இல் மோதக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பதுதானே வரைபடக்காரரின் திறமை? போதாக்குறைக்கு, சேவையைத் திறக்கும்போதே நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனை வேறு இருக்கிறது.

வரைபடம் செய்பவர்கள் திருட்டைக் கண்டுபிடிக்கத் தூண்டில் போட்டுவைப்பதும் பழைய வழக்கம். 1930களில் அமெரிக்காவில் ஜெனரல் டிராஃப்டிங் என்ற நிறுவனம், தன் அதிபர், உதவியாளர் இருவரின் பெயர்களிலும் உள்ள முதலெழுத்துகளைக் கலைத்துப் போட்டு, நியூயார்க் மாநிலத்தில் 'அக்லோ' என்று இல்லாத ஓர் ஊரைப் படத்தில் வைத்தது. சில காலம் கழித்துப் போட்டிக் கம்பெனியின் படத்தில் அக்லோ தென்பட்டது. மாட்டிக்கொண்டான் என்று பார்த்தால், அந்த இடத்தில் உண்மையாகவே 'அக்லோ' என்று ஒரு கடை இருந்தது! பழைய வரைபடத்தைப் பார்த்துக் கடைக்காரர் வைத்த பெயர். பொய்யே ஊராகிவிட்ட வேடிக்கை இது. எல்லாமே வேடிக்கையில் முடியவில்லை. பிரிட்டனின் அரசு வரைபடங்களை நகலெடுத்த புகாரில், அங்குள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2001இல் 2 கோடி பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நம் ஊரிலும் 2024இல் மேப்மைஇந்தியா தன் தரவை நகலெடுத்ததாக ஓலாவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, ஓலா மறுத்தது. பணமிருப்பவர்கள் வழக்காடிக்கொள்வார்கள். தன்னார்வலர் கூட்டத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒருவர் ஆசைப்பட்டு நகலெடுத்த நாற்பது தெரு, நாற்பதாயிரம் பேரின் உழைப்பைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அதனால்தான் 2012இல் உரிமத்தை மாற்றியபோது, ஒப்புதல் தராதவர்கள் வரைந்ததையெல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன் கையாலேயே அழித்தது. இருந்த சாலை படத்தில் இல்லாமல் போனது. அந்தக் கறார்தான் இன்று அதன் மூலதனம்.

அப்படியானால் எதைப் பார்த்து வரைவது? தெருவைப் பார்த்து. 2010 முதல் மைக்ரோசாஃப்ட் தன் பிங் வான்படங்களைப் பார்த்து வரைய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு அனுமதி தந்திருக்கிறது. சாலையின் வளைவுக்கு அது போதும். மற்றதற்குக் கால் வேண்டும். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி ஒரு பேருந்து நிறுத்தத்தில் நம்மை நிற்க வைத்துக் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். நிழற்குடை உண்டா? உட்கார பெஞ்சு உண்டா? பார்வையற்றவர் காலால் உணரும்படி மேடு வைத்த தரை ஓடு உண்டா? விளம்பர வருமானத்தை நம்பும் மேப்புக்கு இந்தக் கேள்விகளில் அவசரம் இல்லை. அதே இடத்தின் பெயரை மராத்தியில் எழுதிய பிறகு, தமிழ்ப் பெயருக்கும் தனிப் பெட்டி இருக்கிறது. புணேயில் அது பெரும்பாலும் காலி.

குறைகளை மறைக்கப் போவதில்லை. போக்குவரத்து நெரிசலை நிமிடத்துக்கு நிமிடம் காட்டுவதில் தன்னார்வலர்கள் கம்பெனியோடு போட்டியிட முடியாது. கோடிக்கணக்கான போன்கள் அவர்களுக்கு உளவு சொல்கின்றன. கடைகளின் விவரத்திலும் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. பிழை மட்டும் இரண்டு பக்கமும் உண்டு. 2022 அக்டோபர் 2ஆம் தேதி நள்ளிரவு தாண்டிச் சாந்தினி சவுக் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த நொடியே புணேயின் எல்லா வரைபடமும் தப்பாகிவிட்டது. திறந்த வரைபடத்தில் பக்கத்துக் குடியிருப்புக்காரரே திருத்திவிடலாம். மற்றதில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ராணுவத் தெற்குக் கட்டளையகமும் லோகாவ் விமானத்தளமும் இருக்கும் ஊரில் பாதுகாப்புக் கேள்வி வராமல் இருக்காது. 2016இல் மத்திய அரசின் வரைவு மசோதா ஒன்று, அனுமதியில்லாமல் புவித் தரவு வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்று மிரட்டியது. அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டு நெறிகள், இந்தியர்கள் வரைபடம் செய்ய முன் அனுமதி வேண்டாம் என்றன. நுட்பமான பாதுகாப்பு விவரங்களுக்கு மட்டும் தடை வைத்தன. முகாமுக்கு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டிய தேவை நமக்கும் இல்லை. "அமேசானும் மெட்டாவும் நம் உழைப்பில் லாபம் பார்க்கின்றனவே" என்ற மனத்தாங்கலும் உண்டு. பார்க்கட்டும். அவர்கள் எடுத்துக்கொண்டதால் நம் படத்தில் ஒரு தெருவும் குறையவில்லை. மேப் மேக்கரில் அந்த உத்தரவாதம் இல்லை.

எனக்குள்ள மனத்தாங்கல் மாநகராட்சியிடம்தான். 2017இல் 11 கிராமங்கள், 2021இல் 23 கிராமங்கள் என்று புணே பெருத்துக்கொண்டே போயிற்று. நில அளவை, வடிகால், வார்டு எல்லை என்று விவரம் எல்லாம் அதிகாரிகளிடம் உண்டு. திறந்த தரவுத் தளம் ஒன்றைக்கூட மாநகராட்சி தொடங்கியிருக்கிறது. ஆனால் உரிமம் எழுதாமல் வலையேற்றிய ஒரு படத்தை யோக்கியமான தன்னார்வலர் தொடமாட்டார். அரசு அமைப்புகளின் படைப்புக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை இருக்கிறது. 'யாரும் பயன்படுத்தலாம், மாநகராட்சியின் பெயரைக் குறிப்பிடுக' என்று ஒரே வரி எழுதினால் அந்தப் பூட்டு திறந்துவிடும். மத்திய அரசு 2017லேயே இதற்கென்று ஒரு மாதிரி உரிமத்தை வெளியிட்டிருக்கிறது. பேனா எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

வடிகால் விவரம் எதற்கு என்கிறீர்களா? 2019 செப்டம்பர் 25 இரவு புணேயில் ஆம்பில் ஓடை பெருகி வீடுகளையும் வண்டிகளையும் புரட்டிப் போட்டது. அந்த மழையில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஓடை எங்கே குறுகுகிறது, எங்கே சுவர் எழும்பியிருக்கிறது, எந்தச் சிறு பாலத்தின் கண்ணில் குப்பை அடைத்திருக்கிறது என்பதெல்லாம் கரையில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மாநகராட்சி அந்த ஒரு வரியை எழுதும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கத்ரஜிலிருந்து முட்டா ஆற்றில் சேரும் இடம் வரை நடந்து பார்த்து வரைய யாரிடமும் உரிமம் கேட்க வேண்டாம். பத்துப் பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். மழைக்காலத்துக்கு முன்னால் வரும் ஞாயிறாக இருக்கட்டும்.