நவம்பர் 9: ஒரு தேதியின் அரசியல்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2019 நவம்பர் 9 அன்று காலை அயோத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று மாலை பிரதமர் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். தீர்ப்பைப் பற்றிப் பேசியவர், தேதியைப் பற்றியும் பேசினார். பெர்லின் சுவர் வீழ்ந்த நாள் இது. கர்த்தார்பூர் வழித்தடம் திறக்கப்பட்ட நாள் இது. அயோத்தித் தீர்ப்பு வந்த நாளும் இதுவே. ஒன்றுபட்டு முன்னேறுங்கள் என்பதே இத்தேதி தரும் செய்தி என்பது அவர் கூறியதன் சாரம்.

ஒரே தேதியில் நடந்தவற்றை அடுக்கிச் சொல்வது, தினசரி நாட்காட்டித் தாளில் அச்சிடத்தக்க பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுவர். நாட்டின் தலைமை அமைச்சர் அவ்வாறு அடுக்கும்போது அது அரசியல் ஆகிவிடுகிறது. எது சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்ற கேள்வி உடனே எழ வேண்டும். அவர் பெர்லினை நினைவுகூர்ந்தார். ஜெர்மனியின் வரலாற்றில் நவம்பர் 9 ஒன்றல்ல, பல. அந்நாட்டு ஏடுகள் அதனை 'விதியின் நாள்' என்று எழுதுவது வழக்கம். அந்தப் பலவற்றில் எது விதி, எது தற்செயல், எது மனிதர் திட்டமிட்டுச் செய்தது என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ள வேலை.

தற்செயலானவற்றை முதலில் சொல்லிவிடலாம். 1799 நவம்பர் 9 அன்று பாரிசில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றும் சதியைத் தொடங்கினான். பிரெஞ்சுப் புரட்சியின் நாட்காட்டியில் அது மூடுபனி மாதமான புரூமரின் 18-ஆம் நாள். மார்க்சின் நூல் தலைப்பில் வரும் புரூமர் இதுவே. ஆனால் அந்நூல் பேசும் சதி 1851 டிசம்பர் 2-இல் நடந்தது. லூயி போனபார்ட் அந்தத் தேதியைத் தேடி எடுத்தான்: அவனுடைய பெரியப்பா நெப்போலியன் 1804-இல் முடிசூடியதும், 1805-இல் ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் வென்றதும் டிசம்பர் 2-இல்தான். தம்பி மகன் பெரியப்பாவின் வெற்றி நாளைத் திருடிக்கொண்டான்; மார்க்ஸ் பெரியப்பாவின் சதி நாளைத் தலைப்பாக்கி அவனுக்கே திருப்பிச் சூட்டினார். ஆட்சியைப் பிடிப்பவர்கள் நாட்காட்டியை எவ்வளவு கவனமாகப் புரட்டுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1848 நவம்பர் 9-உம் தற்செயலே. பிராங்பர்ட் தேசிய சபையின் இடதுசாரி உறுப்பினர் ராபர்ட் புளூம், எழுச்சி கொண்ட வியன்னா மக்களுக்கு ஆதரவு தெரிவிக்கச் சென்றார். நகரை மீட்ட பேரரசின் படை அவரைக் கைது செய்து சுட்டுக் கொன்றது. மக்கள் பிரதிநிதி என்ற பாதுகாப்பு அவரைக் காக்கவில்லை.

1918-இலிருந்து கதை வேறு. கியல் துறைமுகத்தில் மாலுமிகள் மூட்டிய தீ ஒரு வாரத்திற்குள் பெர்லினை எட்டியது. நவம்பர் 9 காலை தொழிற்சாலைகளை விட்டுத் தொழிலாளர்கள் நகரின் மையத்தை நோக்கித் திரண்டனர். படைவீரர்களும் அவர்களோடு சேர்ந்தனர். நண்பகலில், பேரரசரின் ஒப்புதலுக்குக் காத்திராமலே, அவர் முடி துறந்துவிட்டதாகத் தலைமை அமைச்சர் மாக்ஸ் இளவரசர் அறிவித்தார். பொறுப்பைச் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் எபர்ட்டிடம் ஒப்படைத்தார். பிற்பகல் இரண்டு மணி அளவில் அக்கட்சியின் ஷெய்டமன் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசைப் பிரகடனம் செய்தார். எபர்ட் அவர்மீது சினந்தார். குடியரசை அறிவிக்க உமக்கு யார் அதிகாரம் தந்தது என்பது அவருடைய கோபம். இரண்டு மணி நேரம் கழித்து, அரண்மனையில் கார்ல் லீப்னெக்ட் சுதந்திர சோசலிசக் குடியரசைப் பிரகடனம் செய்தார். ஒரே நகரம், ஒரே பிற்பகல், இரண்டு குடியரசுகள்.

அந்தப் புரட்சி எதையும் தரவில்லை என்பதற்கில்லை. சில நாட்களிலேயே எட்டு மணி நேர வேலை நாளும் பெண்களுக்கு வாக்குரிமையும் வந்தன. ஆனால் பழைய படையதிகாரிகளும் பழைய நீதிபதிகளும் தங்கள் நாற்காலிகளில் அப்படியே இருந்தனர். இரு குடியரசுகளுக்கு இடையிலான கணக்கு 1919 ஜனவரி 15 இரவில் தீர்க்கப்பட்டது. லீப்னெக்டும் ரோசா லக்சம்பர்க்கும் கூலிப்படை அதிகாரிகளால் கொல்லப்பட்டனர். அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் சமூக ஜனநாயகவாதிகள்.

வலதுசாரிகள் நவம்பர் 9-ஐ மறக்கவில்லை. போரில் ஜெர்மனி தோற்கவில்லை, முதுகில் குத்தப்பட்டது என்ற பொய்யை அவர்கள் பரப்பினர். குத்தியவர்களுக்கு 'நவம்பர் குற்றவாளிகள்' என்று பெயரிட்டனர். ஹிட்லரின் மேடைப் பேச்சில் அச்சொல் ஓயாமல் ஒலித்தது. புரட்சியின் ஐந்தாம் ஆண்டு நிறைவின்போது, 1923 நவம்பர் 8 இரவில், மியூனிக் நகரின் பெரிய மதுக்கூடம் ஒன்றில் அவன் கலகத்தைத் தொடங்கினான். மறுநாள் 9-ஆம் தேதி ஊர்வலத்தைக் காவல்துறை சுட்டுக் கலைத்தது. ஹிட்லருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1924 டிசம்பரிலேயே அவன் வெளியே வந்துவிட்டான். அதே மியூனிக்கில், 1919-இல் சோவியத் குடியரசுக்குத் தலைமை தாங்கிய யூகன் லெவினேயை, அரச துரோகம் என்று கூறிச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். குற்றத்தின் பெயர் ஒன்று, தண்டனை வேறு. 1918-இல் மாற்றப்படாத நீதிபதிகள் செய்த வேலை இது.

1933-இல் ஆட்சிக்கு வந்தபின் நாஜிகள் நவம்பர் 9-ஐத் தங்கள் தியாகிகள் நாளாக்கினர். ஆண்டுதோறும் பழைய கலகக்காரர்கள் மியூனிக்கில் கூடினர், கொடி ஏந்தினர், அதே தெருக்களில் நடந்தனர். குடியரசு பிறந்த நாள், குடியரசைக் கொல்ல முயன்றவர்களின் விழாவாயிற்று.

1938-இல் நடந்ததை இந்த விழாவிலிருந்து பிரிக்க இயலாது. அக்டோபர் இறுதியில் போலந்துக் குடியுரிமை கொண்ட ஏறத்தாழ 17,000 யூதர்களை ஜெர்மனி எல்லைக்கு அப்பால் விரட்டியது. அவ்வாறு விரட்டப்பட்ட ஒரு குடும்பத்தின் மகன், 17 வயதான ஹெர்ஷல் கிரின்ஸ்பான், நவம்பர் 7 அன்று பாரிசில் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவரைச் சுட்டான். அதிகாரி 9-ஆம் தேதி இறந்தார். செய்தி மியூனிக்கை அடைந்தபோது நாஜிக் கட்சியின் தலைவர்கள் அனைவரும் பழைய நகர மண்டபத்தில் ஆண்டு விழா விருந்தில் இருந்தனர். கோயபல்ஸ் எழுந்து பேசினான். கேட்டவர்கள் குறிப்பை உணர்ந்துகொண்டு, தத்தம் மாவட்டங்களுக்குத் தொலைபேசியில் ஆணைகளை அனுப்பினர். நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வந்த தளபதிகள் ஒரே கூரையின்கீழ் கூடியிருந்தது அந்தத் தேதியால்தான்.

அன்றிரவும் மறுநாளும் 1,400-க்கும் மேற்பட்ட யூத வழிபாட்டு இடங்கள் எரிக்கப்பட்டன அல்லது நாசமாக்கப்பட்டன. ஏறத்தாழ 7,500 கடைகள் உடைக்கப்பட்டன. தீயணைப்பு வீரர்கள் அண்டைக் கட்டடங்களுக்குத் தீ பரவாமல் மட்டும் பார்த்துக்கொண்டனர். சுமார் 30,000 யூத ஆண்கள் டாகாவ், புகன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். சில நாட்களில் அரசு யூத சமூகத்தின் மீதே நூறு கோடி மார்க் அபராதம் விதித்தது. உடைந்த கடைகளுக்கான காப்பீட்டுத் தொகையையும் அரசே எடுத்துக்கொண்டது. வீட்டை இடித்துவிட்டு இடித்த கூலியையும் வீட்டுக்காரனிடமே வாங்குவது அன்று தொடங்கிய வழக்கம் அல்ல; அன்றோடு முடிந்ததும் அல்ல.

இந்த விழாவின் ஒழுங்கை எதிர்த்தரப்பில் ஒருவர் கூர்ந்து கவனித்தார். கியார்க் எல்சர், தச்சுத் தொழிலாளி. கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களித்தவர். ஆண்டுதோறும் நவம்பர் 8 இரவில் ஹிட்லர் அதே மதுக்கூடத்தில் பேசுவான் என்பது அனைவரும் அறிந்தது. எல்சர் முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் அங்கே ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னிருந்த தூணைக் குடைந்து, கடிகார வெடிகுண்டை வைத்தார். 1939 நவம்பர் 8 அன்று ஹிட்லர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் பேச்சை முடித்தான். அவன் வெளியேறிய 13 நிமிடத்தில் குண்டு வெடித்தது. எல்சர் 1945 ஏப்ரலில் டாகாவ் முகாமில் கொல்லப்பட்டார். தனிமனித முயற்சி என்ற விமர்சனம் அவர்மீது உண்டு, அது சரியானதே. ஆனால் அமைப்புகள் நசுக்கப்பட்டிருந்த ஒரு நாட்டில், அந்தத் தச்சரின் முப்பது இரவுகளுக்கு வணக்கம் செலுத்தாமல் கடந்து செல்வது நேர்மையாகாது.

1989-இன் நவம்பர் 9 மீண்டும் தற்செயல். கிழக்கு ஜெர்மன் கட்சியின் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி, புதிய பயண விதி எப்போது முதல் என்ற செய்தியாளர் கேள்விக்குக் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்து, உடனடியாக என்று பதில் சொன்னார். அன்றிரவே மக்கள் திரண்டனர். போர்ன்ஹோல்மர் தெருவின் எல்லைக் காவலர்கள் தடுப்பைத் திறந்தனர். தொழிலாளர்களின் பெயரால் ஆண்ட கட்சி தொழிலாளர்களின் நம்பிக்கையை அதற்கு முன்பே இழந்திருந்தது. இதை மறைத்துப் பேசுவதால் எந்த நன்மையும் இல்லை. ஐந்து நாட்களுக்கு முன் அலெக்சாண்டர் சதுக்கத்தில் கூடிய பல லட்சம் மக்கள் பேச்சுரிமையும் கூட்ட உரிமையும் கேட்டனர். ஆலைகளை விற்றுத் தரும்படி கேட்கவில்லை. ஆனால் ஏறத்தாழ 40 லட்சம் பேர் பணியாற்றிய 8,000-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்குள் விற்கப்பட்டன அல்லது மூடப்பட்டன.

ஒன்றுபட்ட ஜெர்மனி தேசிய நாளைத் தேடியபோது நவம்பர் 9 பரிசீலனைக்கு வந்தது. 1938-இன் நினைவு எரியும்போது அந்நாளில் வாண வேடிக்கை விட முடியாது என்று அது கைவிடப்பட்டது. 1990 அக்டோபர் 3 அன்று இணைப்பு நடைமுறைக்கு வந்தது. அந்த நிர்வாகத் தேதியே தேசிய விடுமுறை ஆயிற்று. பெர்லின் சுவரை மட்டும் தனியே எடுத்துக் கொண்டாட அதைக் கட்டியிருந்த நாட்டவரே துணியவில்லை என்பதை அயோத்தி நாளின் உரையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த உரையில் இடம்பெறாத நவம்பர் 9 இந்தியாவிலும் உண்டு. பெர்லினில் தடுப்பு திறந்த அதே நாளில், மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கையில், ராஜீவ் காந்தி அரசின் அனுமதியோடு விசுவ இந்து பரிஷத் அயோத்தியில் அடிக்கல் நாட்டும் சடங்கை நடத்தியது. அதற்கான செங்கற்களை ஊர் ஊராகச் சுமந்து சென்ற ஊர்வலங்களின் பாதையில், அக்டோபர் இறுதியில், பீகாரின் பாகல்பூர் எரியத் தொடங்கியது. ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர், பெரும்பாலோர் முஸ்லிம்கள். மூன்றாண்டுகளில் மசூதி இடிக்கப்பட்டது.

2019 நவம்பர் 9 தீர்ப்பு அந்த இடிப்பைச் சட்டத்தின் ஆட்சியை மீறிய கொடுஞ்செயல் என்றது. சர்ச்சைக்குரிய 2.77 ஏக்கரையும் கோயிலுக்கு வழங்கியது. மசூதிக்கு வேறிடத்தில் 5 ஏக்கர் தரச் சொன்னது. 2020 செப்டம்பரில் இடிப்பு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 32 பேரும் விடுவிக்கப்பட்டனர்.

அதற்கு முன்பே, 2020 ஆகஸ்ட் 5 அன்று, பிரதமர் அயோத்தியில் பூமி பூசையில் அமர்ந்தார். ஜம்மு காஷ்மீரின் சிறப்புத் தகுதி பறிக்கப்பட்டு அன்றோடு சரியாக ஓராண்டு. அந்த மேடையில் அவர் மீண்டும் தேதியைப் பற்றிப் பேசினார்: விடுதலைப் போருக்கு ஆகஸ்ட் 15 எப்படியோ, கோயிலுக்கான போராட்டத்திற்கு இந்நாள் அப்படி என்றார்.