கவனமும் ஒரு சேமிப்புதான்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்றைக்கு நான் சந்தா, தவணை பற்றிப் பேசப் போவதில்லை. நம்ம மலை ரோட்டில் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

2018-ல் தமிழக அரசு அம்மா இருசக்கர வாகனத் திட்டம் கொண்டு வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். அந்தத் திட்டம் இப்போது இல்லை. ஆனால் பெண்கள் வண்டி எடுப்பது நிற்கவில்லை. குழுவில் கடன் வாங்கியும் எடுக்கிறோம். நல்ல விஷயம்தானுங்க. ஆனால் வண்டிக்குக் கடன் கொடுக்கிற நாம், அதை எப்படி ஓட்டணும் என்று ஒரு கூட்டத்திலாவது பேசியிருக்கோமா?

ஒருத்தர் வண்டியிலிருந்து விழுந்துட்டா, "நேரம் சரியில்லை" என்று சொல்கிறோம். நேரத்தின் மேல் பழியைப் போட்டால் திருத்திக்கொள்ள ஒன்றுமே இல்லை. "அந்த நிமிஷம் கவனம் எங்கே போச்சு?" என்று கேட்டால் அடுத்த தடவை திருத்தலாம்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். 40 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு வினாடியில் வண்டி சுமார் 11 மீட்டர் ஓடுது. கண் பார்த்து, மனசு புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அதாவது பிரேக் பிடிக்கும் முன்பே 11 மீட்டர் போயாச்சு. மனசு வேறு எங்கோ இருந்தால் இரண்டு வினாடி, 22 மீட்டர். நம்ம கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு இடம் ஏது? வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நாலு மடங்கு ஆகும். இதையும் ஞாபகம் வைங்க.

கவனம் எப்படிப் போகுது? காலையிலிருந்து இலை பறித்த களைப்பு. பையில் கலெக்‌ஷன் பணம். யார் தவணை பாக்கி என்ற யோசனை. கை வண்டி ஓட்டும், மனசு கணக்கு நோட்டில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆழியாறிலிருந்து மேலே வர 40 வளைவு, எல்லாவற்றுக்கும் நம்பர் பலகை இருக்கு. கடைசியாகத் தாண்டியது எத்தனையாவது வளைவு என்று உங்களையே கேளுங்க. பதில் வரலைன்னா மனசு வண்டியில் இல்லை. அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, முகம் கழுவி, ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க. இன்னொரு வழி, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. "வளைவு வருது, ஹாரன் அடிக்கிறேன், பஸ் வருது, ஒதுங்கறேன்." யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி ஓட்டும் முறை. வேகத்தை வளைவுக்குள் போவதற்கு முன்பே குறைக்கணும். உள்ளே போய் பிரேக்கை அழுத்தினால் ஈர ரோட்டில் வழுக்கும். பள்ளத்தைப் பார்க்காதீங்க, வளைவு முடியும் இடத்தைப் பாருங்க. கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். பஸ், லாரி திரும்ப முழு ரோடும் வேணும், அதனால் வளைவுக்கு முன்பே நின்று வழி விடுங்க. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விடணும், அதுதான் சாலை விதி. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் இஞ்சினை அணைக்காதீங்க. அப்போது பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கினால் லைட்டைத் தாழ்த்திப் போடுங்க. உயர்த்திப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம்ம கண்ணிலேயே அடிக்கும்.

முந்தானை, துப்பட்டா இரண்டையும் இழுத்துச் செருகிய பிறகுதான் வண்டியை எடுக்கணும். ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. பட்டையை மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலையில் நிற்காது.

நம்ம ரோட்டில் மனுஷர் மட்டும் போவதில்லை. புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு குறுக்கே வரும். யானை நடமாட்டத்தை மக்களுக்குத் தெரிவிக்க வால்பாறையில் எஸ்.எம்.எஸ். தகவலும் சிவப்பு விளக்கும் கொண்டு வந்தார்கள். அந்தப் பணிக்காக ஆனந்த குமார் என்ற ஆய்வாளர் 2015-ல் விட்லி விருது பெற்றார். விளக்கு எரிந்தால் "நான் வேகமாகப் போய்விடுவேன்" என்று துணியாதீங்க. திரும்பிடுங்க.

அப்படியும் விபத்து நடந்துட்டா உடனே 108-க்குப் போன் செய்யுங்க. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பணத்துக்கு யோசித்து நேரத்தைக் கடத்தாதீங்க.

கடைசியாக மூன்று கோரிக்கை. ஒன்று, இருட்டும் முன் எல்லோரும் வீடு போய்ச் சேரும்படி கூட்டத்தை முடிக்கணும். இரண்டு, வண்டியில் இருக்கும் உறுப்பினருக்கு "எங்கே இருக்கீங்க, பணம் வருதா?" என்று திரும்பத் திரும்பப் போன் செய்யக் கூடாது. நாம் அடிக்கிற மணிதான் அவர் கவனத்தைத் திருப்புது. மூன்று, வண்டிக் கடன் கொடுக்கும்போது லைசென்ஸ், இன்சூரன்ஸ், இரண்டு ஹெல்மெட் இருக்கா என்று ஊக்குநரும் பிரதிநிதியும் பார்த்த பிறகே கையெழுத்துப் போடணும்.

தவணை ஒரு நாள் தள்ளிப் போனால் பேசி முடிச்சுக்கலாம். வீட்டில் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு அம்மா போய்ச் சேரணும். இந்த மூன்றையும் இன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க என்று கேட்டு முடிக்கிறேன்.