பூச்சிகள் சுமந்து வரும் வைரஸ் நோய்கள்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குக் கல்விக் கண் திறந்து வரும் இக்கழகத்தின் மேடையில், அறிவியலைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு பணித்தார்கள். பூச்சிகள் சுமந்து வரும் வைரஸ் நோய்களைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். இந்நோய்கள் மனிதரையும், கால்நடையையும், பயிரையும் தாக்குவன. வயலிலும் தொழுவத்திலும் உழைத்து வாழும் நமக்கு இவற்றைவிட நெருங்கிய பொருள் வேறில்லை.

வைரஸ் என்பது சாதாரண நுண்ணோக்கியில் காண இயலாத அளவுக்குச் சிறியது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்தே அது பெருகும். நடக்கவும் பறக்கவும் அறியாத அதற்குப் பூச்சியே வாகனம்.

இவ்வுண்மை எளிதில் கண்டறியப்பட்டதன்று. கியூபா நாட்டில் மஞ்சள் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போன காலம். நோயாளியின் துணியும் படுக்கையுமே நோயைப் பரப்புகின்றன என்று கற்றோரும் நம்பினர். கொசுவே காரணம் என்று 1881-இல் கார்லோஸ் ஃபின்லே என்னும் கியூபா மருத்துவர் கூறியபோது அவரை மதித்துக் கேட்டவர் சிலரே. 1900-இல் வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க இராணுவ மருத்துவர் குழு அதனைச் சோதித்தது. ஒரு வீட்டில் கொசு நுழையாதபடி வலையடித்து, நோயாளிகளின் அழுக்குப் படுக்கைகளை விரித்து, அவற்றின்மேல் சிலரை இருபது இரவுகள் உறங்கச் செய்தனர். ஒருவருக்கும் நோய் வரவில்லை. மற்றொரு வீட்டைத் தூய்மையாக வைத்து, நடுவே கம்பிவலைத் தடுப்பு அமைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் நோய்க்கொசுக்களை விட்டனர். அப்பக்கம் இருந்து கடிபட்டவர் நோயுற்றார். மறுபக்கம் இருந்தோர் நலமாக இருந்தனர். அக்குழுவைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாசியர் அவ்வாண்டிலேயே மஞ்சள் காய்ச்சலுக்கு உயிர் கொடுத்தார்.

தோழர்களே, இச்சோதனையை நாம் ஊன்றி எண்ண வேண்டும். தொட்டால் ஒட்டும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்ட ஒன்றை இருபது இரவுகளில் பொய்யாக்கிக் காட்டியது அறிவியல். தீட்டு என்னும் சொல்லால் வருந்தியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பயிருக்கு வருவோம். நெற்பயிர் குட்டையாகி, இலை மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறி நிற்பதைக் கண்டு மண்ணில் சத்தில்லை என்று எண்ணுவோர் உண்டு. அது துங்ரோ நோயாகவும் இருக்கலாம். பச்சைத் தத்துப்பூச்சி நோயுற்ற பயிரின் சாற்றை உறிஞ்சிவிட்டு நல்ல பயிரில் அமரும்போது இந்நோய் பரவுகிறது. இதில் இரண்டு வைரஸ்கள் கூட்டுச் சேர்கின்றன. பயிரை வாட்டுவதில் பெரும்பங்கு ஒன்றுக்கு. அதனைப் பூச்சி சுமந்து செல்லத் துணை நிற்பது மற்றொன்று. ஆட்டுக்கு வரும் நீலநாக்கு நோயும் இத்தகையதே. கொசுவினும் சிறிய, கியூலிகாய்டஸ் என்னும் கடிக்கும் பூச்சி அதனைப் பரப்புகிறது. வாயும் மூக்கும் வீங்கி, கால் நொண்டி ஆடு மடிந்தால், நாலு ஆடுகளையே சொத்தாகக் கொண்ட குடும்பம் கடனில் விழுகிறது.

இனி, நம் பிள்ளைகளைக் குறிவைக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் இந்நோய் மனிதரிடம் முதன்முதல் அறியப்பட்டது 1955-இல், நம் வேலூரில்தான். இதன் வைரஸ் கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிடம் தங்குகிறது. நீர் தேங்கிய நெல்வயலில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு பறவையைக் கடித்து, வைரஸைப் பன்றிக்குக் கொண்டு சேர்க்கிறது. பன்றியின் உடலில் அது பன்மடங்கு பெருகுகிறது. அங்கிருந்து கொசுவின் வழியே மனிதருக்கு வருகிறது. ஆனால் மனிதரின் இரத்தத்தில் அது கொசுவைத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. ஆகவே நோயுற்ற குழந்தையிடமிருந்து அடுத்த குழந்தைக்கு இது பரவாது. தொற்றுக்கு உள்ளாவோரில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவரே கடும் நோய்க்கு ஆளாகின்றனர். அவர்களிலோ நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்க நேரிடும். பிழைத்தோரிலும் பலருக்குக் கைகால் முடங்குதல், வலிப்பு, அறிவுக் குறைபாடு ஆகியவை நிலைத்துவிடுகின்றன.

என் பணிக்காலத்தில் ஓர் ஊரில் இக்காய்ச்சலைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, பன்றி வளர்ப்போரின் பிள்ளைகளைத் தனியே அமர்த்த வேண்டும் என்று சிலர் பள்ளிக்கு வந்து கேட்டனர். கரும்பலகையில் கொக்கு, கொசு, பன்றி, குழந்தை என நான்கு படங்கள் வரைந்து, "இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அப்பிள்ளைகள்?" என்று கேட்டேன். விடையில்லை. பிள்ளைகள் அவரவர் இடத்திலேயே அமர்ந்தனர். பன்றிக்கு இச்சங்கிலியில் பங்கு உண்டு; அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. வயல் நீருக்கும் பங்கு உண்டு. அந்த வயல் எவருடையதோ, அதன் ஓரத்தில் குடியிருப்பு மட்டும் நம்முடையது! கொசு சாதி கேட்டுக் கடிப்பதில்லை. ஆனால் கொசு பிறக்கும் இடத்தருகே குடியிருக்க வேண்டியவர் யார் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது.

எனவே நாம் செய்ய வேண்டியன சில. பன்றிக்கொட்டிலை வீடுகளிலிருந்து தொலைவில் அமைக்க வேண்டும். அதற்குரிய இடத்தை ஊராட்சியிடம் உரிமையோடு கேட்க வேண்டும். இக்கொசு அந்தி முதல் இரவில் கடிப்பது. குழந்தைகளைக் கொசுவலைக்குள் உறங்க வைக்க வேண்டும். வயலில் எப்போதும் நீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் கொசுப்புழு குறையும் என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். நம் முன்னோர் அறிந்த முறைதான் அது. இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. நம் நாட்டில் 2006 முதல், நோய் காணும் மாவட்டங்களில் அரசே இலவசமாகப் போட்டு வருகிறது. நோய் வந்தபின் வைரஸை அழிக்கும் மருந்து இல்லை. ஆதலின் தடுப்பூசி நாளன்று வயல் வேலைக்குச் சென்றுவிடாதீர்கள், தாய்மார்களே!

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். புனேயில் தேசிய வைராலஜி நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரியில் கொசுக்களைப் பற்றி ஆராயும் நிறுவனம் இருக்கிறது. அங்கே நுண்ணோக்கியின் முன் அமர்வோருள் நாற்று நட்டு வளர்ந்த கைகளும் இருக்க வேண்டும். சேற்றில் நின்று கொசுக்கடி பட்டவனுக்குத் தோன்றும் கேள்வி மற்றவனுக்குத் தோன்றாது. உயிரியல் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். உங்கள் தெருவுக்காகவும் படியுங்கள்.

நோயின் காரணத்தை அறிந்தவனை நோயும் எளிதில் வெல்லாது. பழியும் எளிதில் ஒட்டாது. அவ்வறிவை இல்லந்தோறும் கொண்டு சேர்க்கும் பணியில் இக்கழகம் பொன்விழாவும் காண வேண்டும் என வாழ்த்துகிறேன்.